பஞ்சிகாவத்தை லேத் கடை: ஒரே ஒரு துண்டு கடைந்து தர ஆள் தேடுபவர்களுக்கு

கொழும்பில் ஒரு சாமானை ஆயிரம் செய்து தரச் சொன்னால் ஆள் கிடைக்கும். ஒன்றே ஒன்று செய்து தரச் சொன்னால் விசரனைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்கள். நான் வீட்டில் தொலைநோக்கிக்கு மவுன்ட் ஒன்று, அதாவது அதைத் தாங்கித் திருப்புகிற அமைப்பு, கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கான ஷாஃப்ட் (சுழலும் தண்டு), பேரிங் ஹவுசிங் (பேரிங் உட்காருகிற கூடு), எதிர் எடை எல்லாம் கடைந்து எடுத்தது பஞ்சிகாவத்தையில் ஒரு சந்துக்குள் இருக்கிற லேத் கடையில். வேலை நல்லது, விலை நியாயம், நேரம் மோசம். அவசரமாக வாசிப்பவர்கள் இதோடு போகலாம், ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று அறிய விரும்புபவர்கள் மட்டும் மிச்சத்தையும் வாசியுங்கள்.

முதலில் இதை ஏன் கடையில் வாங்காமல் செய்விக்கிறேன் என்பது. வானம் சுற்றுகிற வேகத்துக்குத் தொலைநோக்கியும் சுற்ற வேண்டும் என்றால் மவுன்டின் ஓர் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். அதன் சாய்வு நீங்கள் நிற்கிற இடத்தின் அகலாங்குதான். லண்டனில் அது 51.5 பாகை. கொழும்பில் 7 பாகைக்குச் சற்றுக் குறைவு, யாழ்ப்பாணத்துக்குப் போனாலும் 10 பாகைக்குள்தான். அதாவது நம்முடைய ஊரில் அந்த அச்சு கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்க வேண்டும். ஐரோப்பாக்காரனுக்கும் அமெரிக்காக்காரனுக்கும் என்று செய்கிற மவுன்ட்கள் பலவற்றில் சாய்வு 10, 15 பாகைக்குக் கீழே இறங்காது. இறங்குகிற மாதிரி ஒன்று கிடைத்தாலும் எதிர் எடைத் தண்டு கீழே சுற்றி வரும்போது முக்காலியின் முன்காலில் போய் முட்டும். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நேர் செய்யுங்கள் என்று கையேட்டில் எழுதியிருப்பான், வெள்ளவத்தையில் நின்று அடிவானத்துக்கு மேலே 7 பாகையில் எதைப் பார்ப்பது, பக்கத்து ஃபிளாட்டின் தண்ணீர்த் தாங்கியைத்தான்.

டொப்சோனியன், அதாவது கையால் தள்ளித் திருப்புகிற பலகை மவுன்ட், செய்தால் லேத்தே தேவையில்லையே என்று தெரிந்தவர்கள் கேட்பீர்கள். உண்மைதான், பலகையும் ஆணியும் போதும். ஆனால் என்னுடைய தொலைநோக்கியில் ஒளியைக் குவிக்கிறது 6 அங்குலக் கண்ணாடி, குவியத்தூரம் 1200 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் கண்வில்லை போட்டு 200 மடங்கில் சனியைப் பிடித்தால் ஒரு நிமிடத்துக்குள் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடிவிடும். வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது. ஒருவர் பார்த்து முடிக்க அடுத்தவருக்கு வெறும் கறுப்பு.

சரி, கடைக்கு வருவோம். இவரிடம் போவதற்கு முன்னால் நகரத்துக்கு வெளியே ஒரு சிஎன்சி (கணினி ஓட்டுகிற மெஷின்) நிறுவனத்திடம் போனேன். பெயர் வேண்டாம். குளிரூட்டிய வரவேற்பறை, கணினியில் முப்பரிமாண வரைபடம், மின்னஞ்சலில் விலைமனு, எல்லாம் வடிவாகத்தான் இருந்தது. கேட்டது 6205 பேரிங் உட்காருகிற அலுமினிய ஹவுசிங். 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். உலகத்தில் எந்தக் கொம்பனி செய்தாலும் இதே அளவுதான். வரைபடத்தில் 52 எச்7 என்று போட்டிருந்தேன், அதாவது 52.00க்கும் 52.03க்கும் இடையில் இருக்க வேண்டும். வந்த துண்டு பளபளவென்று கண்ணாடி மாதிரி. பேரிங்கை வைத்தால் தொபுக்கென்று உள்ளே விழுந்து ஆடுகிறது. கேட்டதற்கு, பேரிங் பசை ஒன்று விற்கிறார்களே, அதைப் பூசி ஒட்டலாம் என்றார்கள். அப்படி ஒரு பசை இருக்கிறது, தேய்ந்த பழைய ஹவுசிங்கைக் காப்பாற்ற அது நல்ல மருந்து. புதிதாகக் கடைந்த துண்டுக்கு அதை எழுதிக் கொடுப்பது எந்த ஊர் வைத்தியம்? இரண்டு ஹவுசிங்குக்கு இவ்வளவு பேச்சா என்ற தொனியும் இருந்தது. அவர்களுக்கு உண்மையான வேலை தொழிற்சாலைகளின் பெரிய ஓடர்கள், நான் இடையில் வந்த தொந்தரவு. காசு திரும்பவில்லை.

பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர் போன இடம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடைகளுக்குப் பின்னால் இந்த வாகனங்களையெல்லாம் ஓட வைக்கிற சின்னச் சின்ன லேத் பட்டறைகள் இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது. நான் சொல்கிற கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஒரு பழைய இங்கிலாந்து லேத், டயலெல்லாம் அங்குலத்தில், ஒரு மில்லிங் மெஷின், ஒரு நிற்கிற டிரில், மூலையில் வெல்டிங், தரையெல்லாம் இரும்புச் சுருள். செருப்போடு போகாதீர்கள். உரிமையாளர் வயதான முஸ்லிம் நானா ஒருவர், உதவிக்கு ஒரு சிங்களப் பெடியன், நானா அவனை மல்லி (சிங்களத்தில் தம்பி) என்று கூப்பிடுகிறார். மூன்று மொழியும் அந்தப் பத்தடிக்குள் ஓடுகிறது, அளவுகள் மட்டும் மூன்று மொழிக்காரருக்கும் ஒன்று: நூல், தவ், மில்லி. எட்டில் ஒரு அங்குலம் ஒரு நூல், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று தவ்.

என் வரைபடத்தை வாங்கி விரித்தார். ஹவுசிங்குக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஷாஃப்டுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நீளமான உருக்குத் தண்டு, நடுவால் முழுநீளத்துக்குத் துளை. மோட்டாரின் வயர் உள்ளால் போகட்டும் என்று நான் போட்டது.

"இது என்னத்துக்கு தம்பி?"

"தொலைநோக்கிக்கு நானா."

"துவக்குச் சாமான் எண்டா கடதாசிய மடிச்சிட்டு இப்பவே போங்க. நமக்குச் சரிவராது."

எனக்குக் கோபம் வரவில்லை. நடுவில் துளை போட்ட நீளத் தண்டு துப்பாக்கிக் குழல் மாதிரித்தானே இருக்கும். உண்மையில் அந்த இடத்தில்தான் கடையின் மேல் மரியாதை வந்தது. அமெரிக்காவில் சொந்தப் பாவனைக்கென்று வீட்டிலேயே துவக்கு கட்டுவதைப் பல மாநிலங்களில் சட்டம் விட்டு வைத்திருக்கிறது, அதற்குத் துண்டு கடைந்து தருவது எப்படி என்று மணிக்கணக்கில் வீடியோ போடுகிறார்கள். நம் நாட்டில் அந்தக் கதையே இல்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் செய்தால் குற்றம். ஊர்ப்புறங்களில் பன்றிக்குப் பொறியாகத் தண்ணீர்க் குழாயில் கட்டுகிற கட்டுத்துவக்கில் பன்றியோடு சேர்ந்து மனிதனும் யானையும் அடிபடுவது எல்லோருக்கும் தெரிந்தது. லேத் வைத்திருப்பவன் எதையும் கேளாமல் குழாயைக் கடைந்து கொடுத்தால் நாளைக்குப் பொலிஸ் முதலில் வருவது அவனிடம்தான். இன்னும் ஒன்று, தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையோடு, யுத்தம் முடிந்த 2009க்கு முன்னால், இந்த வரைபடத்தையும், வீட்டில் கிடக்கிற என் தொலைநோக்கியின் பிவிசி குழாயையும் தூக்கிக்கொண்டு கொழும்பில் ஒரு செக் பொயின்டைத் தாண்டியிருப்பேனா என்று யோசித்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வந்திருக்காது.

ஃபோனில் குழாயின் படத்தையும், கண்ணாடியின் படத்தையும், நிலாவைக் கண்வில்லை வழியாக எடுத்த படத்தையும் காட்டினேன். நிலாப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மல்லியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு பென்சிலை எடுத்து அந்தத் துளையைக் குறுக்காக வெட்டிவிட்டார். "வயர வெளியால கொண்டு போங்க. இவ்வளவு நீளத்துக்கு ஓட்ட போட்டு ஏன் காச கரியாக்கிறீங்க." சரிதான், வயர் இப்போது வெளியால்தான் போகிறது, ஒரு குறையும் இல்லை. எதற்கு என்று கேட்டதனால் அவருக்குச் சட்டப் பிரச்சினை தீர்ந்தது, எனக்குக் காசு மிச்சமானது. சிஎன்சிக்காரர்கள் கடைசிவரை அது என்னத்துக்கு என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பேரிங் ஆடக்கூடாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்தது அவர் கேட்டது, "பேரிங் ஈக்கா?" வரைபடத்தில் அளவு இருக்கிறதே என்றால் கையை ஆட்டுகிறார். இந்தக் கடைகளின் உயிர்நாடி பழுது பார்த்தல். பஸ்ஸின் தேய்ந்த புஷ்ஷையும் தையல் மெஷினின் உடைந்த தண்டையும் கொண்டு வந்து வைப்பார்கள், அதற்குப் பொருந்த இவர் செய்வார். ஆகவே அவருக்குக் கடதாசியை விடக் கையில் பிடிக்கிற சாமான்தான் அளவு. உங்கள் துண்டில் எது உட்காரப் போகிறதோ அதைக் கையோடு கொண்டு போங்கள், பேரிங்கோ போல்ட்டோ கண்வில்லையோ எதுவானாலும் சரி. கண்வில்லை பிடிக்கிற குழாய்க்கு நான் 31.75 மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்ததை அவர் வாசிக்கக்கூட இல்லை, கண்வில்லையை வாங்கி வேர்னியரில் ஒரு தரம் அளந்து பார்த்துவிட்டுப் பித்தளைத் துண்டை லேத்தின் சக்கில் (துண்டைப் பிடிக்கிற தாடையில்) மாட்டிவிட்டார். வந்தது அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது, ஆட்டம் இல்லை.

ஹவுசிங் கடைந்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார். கடைசி வெட்டுக்கு முன்னால் மெஷினை நிறுத்திவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார், எனக்கு எரிச்சல். திரும்பி வந்து துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அளந்தார். சூட்டோடு அளந்தால் அலுமினியம் பொய் சொல்லுமாம். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன்: 52 மில்லிமீட்டர் அலுமினியம் 40 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் பெருக்கும். எச்7க்கு இருக்கிற முழு இடைவெளியே 0.03தான். அந்தப் பிளேன்டீ இல்லாவிட்டால் துண்டு சரியாக வந்திருக்காது. கடைசியில் தவ் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பேரிங்கை வைத்துப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, போகவில்லை என்றால் இன்னும் ஒரு சொட்டு எடுத்து, அமுக்கும்போது மெதுவாக இறங்குகிற இடத்தில் நிறுத்தினார். தலைகீழாகப் பிடித்தாலும் விழாது.

ஷாஃப்டில் இரண்டு பேரிங் உட்காருகிற இடங்களையும் ஒரே பிடியில், தண்டைக் கழற்றாமல் கடைந்தார். கழற்றித் திருப்பி மாட்டினால் இரண்டும் ஒரே மையத்தில் வராது. நான் சொல்லி அவர் செய்யவில்லை. பிறகு நண்பர் ஒருவரிடம் ஆட்டம் அளக்கிற டயல் கேஜ் இரவல் வாங்கி வீட்டில் சுற்றிப் பார்த்தேன், ஊசி 0.02 மில்லிமீட்டருக்குள்தான் அசைந்தது. ஒரு பக்கம் சுவரில் சாய்ந்து நிற்கிற மாதிரி இருக்கிற அந்தப் பழைய லேத்தில் இது வந்திருக்கிறது.

உலோகத்தில் மட்டும் சண்டை. நான் 304 ஸ்டெயின்லெஸ் கேட்டேன், அவருக்கு அது பிடிக்காது. வெட்டும்போது இழுபடும், கொஞ்சம் தயங்கினால் மேற்பரப்பு இறுகிப்போய் அடுத்த வெட்டில் டூலைத் தின்னும். துருப்பிடிக்கிற சாதாரண ஈஎன்8 உருக்கில் செய்து கிரீஸ் பூசி வையுங்கள் என்றார். கடற்கரை ரெயில் பாதையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறவனுக்கு அது சரிவராது, எங்கள் வீட்டில் கதவுப் பிணைச்சலே வருடம் தாண்டாது. கடைசியில் 304தான், அதற்குக் கூடுதல் காசு வாங்கினார், நியாயம். அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் தொடுகிற இடங்களில் கிரீஸ் வைக்காமல் பூட்டாதே, உப்புக் காற்றில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லியும் அனுப்பினார். சரியான பேச்சு.

வோர்ம் கியர், அதாவது திருகு மாதிரி ஒரு தண்டு (வோர்ம்) பற்சக்கரத்தைத் திருப்புகிற அமைப்பு, அதை மட்டும் செய்யமாட்டேன் என்றுவிட்டார். 144 பற்கள் உள்ள சக்கரம், கிட்டத்தட்டப் பத்து நிமிடத்துக்கு வோர்ம் ஒரு தரம் சுற்றினால் சக்கரம் கிட்டத்தட்ட ஒரு நாளில் ஒரு தரம் சுற்றும், வானத்தோடு ஒத்துப் போகும். சாதாரணப் பற்சக்கரம் என்றால் பிரித்து வெட்டித் தருவாராம், இது இந்த மெஷினில் வடிவாக வராது, செய்து உங்கள் காசைக் கெடுக்க மாட்டேன் என்றார். முடியாது என்பதை முதலிலேயே சொல்கிற கடை கொழும்பில் எத்தனை இருக்கிறது? அது வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டியிருந்தது, சுங்கத்தில் நடந்தது தனிக் கதை.

இனிக் குறைகள். நேரம். "நாளைக்கு வாங்க" என்றால் எந்த நாளைக்கு என்று அவருக்கே தெரியாது. பஸ் ஒன்று ரோட்டில் நின்றுவிட்டது என்று யாராவது உடைந்த சாமானோடு ஓடி வந்தால் உங்கள் துண்டு சக்கிலிருந்து கழறும். பஸ்காரனுக்கு அன்றைய பிழைப்பு போகிறது, என் சனிக் கிரகம் எங்கேயும் போகாது, ஆகவே மனம் ஆறுகிறது, ஆனால் பஸ் பிடித்துப் போய் வெறுங்கையோடு திரும்புகிற எரிச்சல் எரிச்சல்தான். வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் நீலக் கோடு விழும், பதில் வராது. ஃபோன் எடுத்தால் லேத் சத்தத்தில் ஒன்றும் விளங்காது.

கரைகளைத் தேய்த்து மழுக்கித் தருவதில்லை. எடுத்தவுடன் விரலைக் கிழிக்கும், வீட்டில் அரமும் எமரித் தாளும் இருக்கட்டும். ஹவுசிங்கின் வெளிப்புறத்தில் சக்கின் தாடைத் தழும்பு தெரிகிறது, அழகு பார்ப்பவர்களுக்கு இது சரிப்படாது, நான் கறுப்புப் பெயின்ட் அடித்து மூடிவிட்டேன். உண்மையான பிழை ஒன்றும் இருந்தது: ஃபிளேஞ்சின் (போல்ட் போட்டுப் பூட்டுகிற விளிம்பின்) நாலு போல்ட் துளைகளைப் பெடியன் பென்சிலால் குறித்து டிரில் பண்ணியதில் ஒன்று விலகிவிட்டது, போல்ட் ஏறவில்லை. திருப்பிக் கொண்டு போனதும் வாதாடாமல் துளையை நீட்டித் தந்தார், காசு வாங்கவில்லை. இருந்தாலும், வட்டமாகக் கடைகிற வேலையில் இருக்கிற கவனம் துளை போடுகிற வேலையில் அங்கே இல்லை. துளைகள் நேராக வர வேண்டிய துண்டு என்றால், இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து ஒரே தரத்தில் போடச் சொல்லுங்கள்.

விலை முன்கூட்டிச் சொல்வதில்லை, துண்டுக்கு இவ்வளவு என்று இல்லாமல் மெஷின் ஓடிய நேரத்துக்குத்தான் கணக்கு. முதலில் பயமாக இருக்கும். ஆனால் ஒரே மாதிரி இரண்டு துண்டு கொடுத்தால் இரண்டாவது நன்றாகக் குறைகிறது, ஏனென்றால் மெஷினைத் தயார் பண்ணுகிற நேரம்தான் பாதிக் காசு. ஆகவே உங்கள் வடிவமைப்பில் இரண்டு ஹவுசிங் இருந்தால் இரண்டையும் ஒரே அளவாகப் போடுங்கள். மொத்தக் கணக்கு சிஎன்சிக்காரர்களின் விலைமனுவை விட நிறையக் குறைவு. பில் கிடையாது, சிகரெட் பெட்டியின் உள்மட்டையில் எழுதிக் கூட்டித் தருவார். கார்ட் எடுக்கமாட்டார்.

உலோகத்தை நீங்களே வாங்கிக் கொண்டு போவது நல்லது. பழைய சோனகத் தெருப் பக்கம் இரும்புக் கடைகளில் வெட்டிய மிச்சத் துண்டுகள் கிலோ கணக்கில் கிடைக்கும். அலுமினியத்தில் உருக்கி வார்த்த பழைய கட்டியைத் தொடாதீர்கள், மலிவு என்றாலும் உள்ளே துளை துளையாக இருக்கும், பாதி கடைந்த பிறகுதான் தெரியவரும், நானாவும் அதைக் கண்டால் மூஞ்சியைச் சுளிப்பார். எதிர் எடைக்குச் சாதாரண இரும்பே போதும்: 100 மில்லிமீட்டர் விட்டம், 40 மில்லிமீட்டர் தடிப்பு, நடுவில் 20 மில்லிமீட்டர் துளை என்றால் சுமார் 2.4 கிலோ வரும். அப்படி இரண்டு வட்டு எடுத்தேன். பேரிங்கை மட்டும் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள், போலிப் பெட்டிகள் உலகம் முழுக்க ஓடுகின்றன. எஸ்கேஎஃப் கொம்பனி அதைக் கண்டுபிடிக்கவென்றே ஃபோனுக்கு ஒரு செயலி விட்டிருக்கிறது.

மவுன்ட் இப்போது மேல்மாடியில் நிற்கிறது. கையால் தள்ளினால் ஒரு சத்தமில்லாமல் சுற்றுகிறது, விட்ட இடத்தில் நிற்கிறது. மோட்டார் போட்டதும் சனி கண்வில்லைக்குள்ளேயே இருக்கிறது, ஐந்தாறு பேர் ஆறுதலாக மாறி மாறிப் பார்க்கலாம். கொழும்பு வெளிச்சத்தில் மங்கலான விண்மீன் கூட்டங்களை எதிர்பார்க்க வேண்டாம், நிலாவும் கிரகங்களும் இரட்டை விண்மீன்களும்தான். தெற்கே கடல் பக்கம் அல்பா சென்டோரி இரண்டாகப் பிரிந்து நிற்பதைக் காட்டினால் சின்னவர்கள் கத்துகிறார்கள், லண்டனில் இருக்கிற என் மச்சானுக்கு அது வானத்தில் எழும்புவதே இல்லை.

நானாவைக் கேட்காமல் கடையின் பெயர், நம்பர் போடுவது முறையில்லை. பஞ்சிகாவத்தைப் பக்கம் யாரிடமாவது நிலாப் படம் பார்த்த லேத் நானா என்று கேட்டால் இப்போது காட்டிவிடுவார்கள் என்று நினைக்கிறேன், அவர் அந்தப் படத்தை அவ்வளவு பேருக்குக் காட்டியிருக்கிறார். வெள்ளவத்தையிலிருந்து போகிறவர்கள் காலி வீதியில் 100 அல்லது 101 பிடித்துக் கோட்டைப் பக்கம் இறங்கி அங்கிருந்து ஓட்டோ எடுக்கலாம். காலையில் கடை திறந்ததும் போங்கள், லேத் இன்னும் யாருக்கும் மாட்டுப்பட்டிருக்காது. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆவுக்குப் பூட்டிவிடுவார், இரண்டு மணிக்குப் பிறகுதான். கையில் காசு, பொருந்த வேண்டிய சாமான், மூடின சப்பாத்து. குழாய் மாதிரி ஏதாவது கடையக் கொண்டு போகிறீர்கள் என்றால் அது எங்கே பூட்டுவதற்கு என்று காட்ட ஒரு படமும் கொண்டு போங்கள், கேட்பார்.